மேல்வாய்ப் பல்லும் வலது கண்ணும்

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமாகி அனுப்பவில்லை. அங்கே இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதால் அனுப்பினார்கள். இப்போது சாயங்காலத்தில் மட்டும்தான் காய்ச்சல் வருகிறது. காலை வேளையில் தலை தெளிவாக இருக்கிறது, கை நடுங்குவதில்லை. ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை இதை ஓர் இடைவெளி என்றார். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. இதற்குள் இரண்டு காரியங்களை முடிக்க வேண்டும். ஒன்று, ஐந்து வயதான என் மகள் ருக்மணியின் சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிடுவது. மற்றது, அதை ஏன் பிடுங்க வேண்டும் என்று, என்னைப் பார்த்துப் பயந்துபோயிருக்கும் பெண்களுக்கு எழுதிவைப்பது. இரண்டாவது சுலபம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

எங்கள் வீடு சிரங்கூன் ரோட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைகளை ஒட்டிய சந்தில் இருக்கிறது. என் கணவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிராணி. கப்பலில் வரும் சரக்குக்குக் கணக்கெழுதும் வேலை. அவருடைய அக்காள் தையல்நாயகி கணவரை இழந்தவர், எங்களோடு இருக்கிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். நான் இந்த ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலீஷ் படிப்பேன், பேசுவேன். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு பேச வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை.

போன மழைக்காலத்துக்கு முன்பு, மேல்வாயில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று வலிக்க ஆரம்பித்தது. கன்னம் வீங்கியது. மிடில் ரோட்டில் ஜப்பான்காரப் பல் வைத்தியர் ஒருவர் இருப்பதாகவும், மரத்துப்போக ஊசி போட்ட பிறகே பிடுங்குவார் என்றும் கேள்விப்பட்டு, கணவரிடம் சொன்னேன். அண்ணி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மேல் பல்லா, கீழ்ப் பல்லா?"

"மேல் பல்லு, அண்ணி."

"அப்ப அந்தப் பேச்சே வேணாம். மேல் பல்லோட வேரு கண்ணுல போய் நிக்குது. பல்லை இழுத்தா கண்ணும் போயிரும்."

"பள்ளிக்கூடத்துல உடம்பைப் பத்திப் பாடம் வச்சாங்க அண்ணி. படமும் போட்டுக் காட்டினாங்க. வேரு அவ்வளவு தூரம் போகாது."

"நீ படத்துல பாத்த. நான் வீட்டுல பாத்தேன்."

அண்ணியின் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆட்களுக்குத் தலைவராக இருந்தவர். கரையோரம் மரத்தடியில் குறடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவனிடம் மேல் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். சீழ் மேலே ஏறி, கண் வீங்கி மூடி, திறந்தபோது பார்வை இல்லை. வேலை போயிற்று, பிறகு அவரும் போனார். அந்தக் குறட்டின் அழுக்கு செய்த வேலை அது என்று நான் நினைத்தேன். ஆனால் கண் போனது நிஜம். அதை இல்லையென்று சொல்ல என்னால் முடியவில்லை.

கணவர் தினமும் இங்கிலீஷ் பத்திரிகை படிப்பவர். அண்ணி சொன்னதை அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அக்கா இவ்வளவு சொல்றாங்க. கொஞ்ச நாள் பாப்போமே. கிராம்புத் தைலம் வாங்கிட்டு வரேன்," என்றார்.

கொஞ்ச நாள் பார்த்தோம். பஞ்சில் கிராம்புத் தைலம் வைத்தேன், வலி அடங்கியது. வலி அடங்கினால் நோய் அடங்கியது என்று எண்ணிக்கொள்வது எவ்வளவு சுகமாக இருக்கிறது! உமிக்கரி போட்டு அந்தப் பக்கம் தேய்த்தால் ஈறில் இரத்தம் வந்தது. "இரத்தம் வந்தா அது புண்ணு. புண்ணைப் போயி யாராவது தேய்ப்பாங்களா?" என்றார் அண்ணி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்தப் பக்கம் தேய்ப்பதை விட்டுவிட்டேன். காலையில் எழுந்தால் வாயில் ஒரு கெட்ட ருசி இருக்கும். வாய் கொப்பளித்துவிட்டு அடுப்பு மூட்டப் போய்விடுவேன். இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ருசி தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மேலே படியுங்கள்.

காய்ச்சல் வந்தபோது யாரும் பல்லை நினைக்கவில்லை. மத்தியானம் குளிரும், சாயங்காலம் கொதிக்கும், விடியும்போது வேர்த்துவிடும். எங்கள் பக்கத்து மருந்தகத்தில் மலேரியா என்றார்கள். கொயினா கொடுத்தார்கள். காது இரைந்தது, காய்ச்சல் நிற்கவில்லை. தண்ணீர்க் குடத்தை மாடிக்குக் கொண்டுபோனால் பாதிப் படியில் மூச்சு வாங்கியது. ஒரு நாள் ருக்குவுக்குத் தலை பின்னும்போது விரல் நுனிகள் முள் குத்தியதுபோல் வலித்தன. பார்த்தால் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். அடுப்புச் சூடு பட்டிருக்கும் என்றார் அண்ணி. நானும் அப்படியே இருக்கும் என்றேன். என் உடம்பைப் பற்றி மற்றவர்கள் சொன்னதையெல்லாம் நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். எழுதும்போதுதான் அது தெரிகிறது.

ஒரு நாள் வாசலிலேயே மயங்கி விழுந்தேன். அதற்குப் பிறகுதான் ரிக்‌ஷா வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பெண்கள் வார்டு நீளமானது. இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். அங்கே சேர்வதற்கு முன் தாழ்வாரத்துப் பெஞ்சில் காத்திருந்ததுதான் எனக்கு மிகக் கொடுமையாக இருந்தது. உள்ளே போனவர்களின் செருப்புகள் வெளியே கிடந்தன. சிலருடையதை உறவினர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஏன் எடுத்துப்போகிறார்கள் என்று நான் கணவரைக் கேட்கவில்லை. அவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் துரை குள்ளமானவர், அவசரக்காரர். அவர் பேசுவதைத் தமிழில் சொல்வதற்குக் கந்தையா என்ற யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸர் கூடவே வருவார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, நோயாளிக்குச் சமாதானம் சொல்வது எல்லாம் அவர்தான். துரையிடம் நானாகப் பேசக்கூடாது, மரியாதையாக இருக்காது என்று அண்ணி சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் நான் பேசவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாமல் போனது அப்படித்தான்.

துரை மார்பில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு கந்தையா என்னைக் கேட்டார்: "பிள்ளை, சின்ன வயசிலை உமக்குக் கை கால் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததோ?"

வந்தது. பள்ளிக்கூட விடுதியில் இருந்தபோது முழங்கால் வீங்கி மாதக்கணக்கில் படுத்திருந்தேன். வளர்கிற பிள்ளைக்கு வருவது என்று எல்லோரும் சொன்னார்கள்.

பிறகு துரை என்னை வாயைத் திறக்கச் சொன்னார். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். அவர் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். பிள்ளை பெற்ற வலியில்கூட எனக்கு அவ்வளவு வெட்கம் வந்ததில்லை.

கையிலிருந்து இரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் மாமிச ரசம் ஒன்றில் விட்டு, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தார்கள். இரத்தத்தில் கிருமி இருந்தால் அந்த ரசத்தில் அது பெருகும். பெருகியது. வாயில், ஈறு ஓரத்தில் குடியிருக்கிற கிருமி அது என்று துரை கந்தையாவிடம் சொன்னார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். இருதயத்துக்குள் இரத்தம் ஒரே பக்கமாகப் போவதற்குக் கதவுபோல மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. சிறு வயது மூட்டுக் காய்ச்சல் அந்தக் கதவுகளைத் தடிக்க வைத்துவிடும். அது வெளியே தெரியாது, அப்படியே கல்யாணம் செய்துகொண்டு பிள்ளையும் பெறலாம். ஆனால் வாயில் அழுகல் இருந்தால், மெல்லும்போதெல்லாம் கிருமிகள் ஈறு வழியாக இரத்தத்தில் இறங்குகின்றன. நல்ல இருதயத்தில் அவை நிற்பதில்லை. கெட்டுப்போன கதவில் ஒட்டிக்கொண்டு, பாசிபோல வளர்கின்றன. அதுதான் காய்ச்சல். விரல் நுனிச் சிவப்பும் அதுதான்; வளர்ந்ததிலிருந்து துணுக்குகள் பிய்ந்து இரத்தத்தோடு போய் நுண்ணிய குழாய்களை அடைக்கின்றன. ஈறில் இரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்தக்கூடாது. மெதுவாக, தினமும், உப்புத் தண்ணீர் கொப்பளித்து, இன்னும் நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும். நான் செய்தது நேர்மாறு.

பக்கத்துக் கட்டிலில் வயிற்றில் கட்டியோடு ஒரு சீனத்துப் பெண் இருந்தாள். எனக்குக் குளிர் வரும்போதெல்லாம் தன் போர்வையை என்மேல் எறிவாள். நான் திருப்பிக் கொடுத்தால் "தாக் அப்பா, தாக் அப்பா," என்பாள். மலாயில் பரவாயில்லை என்று அர்த்தம். அண்ணி தினமும் அவ்வளவு தூரத்திலிருந்து டிராம் ஏறி, தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவருவார். எனக்குத் தலை வாரிவிடுவார், காலைப் பிடித்துவிடுவார். அவர் கை மிகவும் மென்மையானது. அவர் என்னிடம் கொடுமையாக இருந்திருந்தால் எனக்கு இந்த மனவலி இவ்வளவு இருந்திருக்காது. செலவுக்கு என் கழுத்துச் சங்கிலி போயிற்று. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

ஒரு நாள் காலை துரை என் கட்டிலருகே நின்று, என் தலைக்கு மேலே, கந்தையாவிடம் இங்கிலீஷில் சொன்னார்: இதற்கு மருந்து கிடையாது, அந்தக் கிருமியைக் கொண்டே செய்த ஊசியைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அடுத்த வருஷம் இவள் இருக்கமாட்டாள்.

கந்தையா என் பக்கம் திரும்பினார். "ஒண்டுக்கும் பயப்பிடாதையும் பிள்ளை. நல்லாய்ச் சாப்பிட்டு ஓய்வாய் இருந்தால் வருத்தம் மாறிவிடுமாம். துரை சொல்லுறார்."

அவருடைய முகம் அவ்வளவு அன்பாக இருந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் கேட்டேன். "இதை என் கணவருக்கு யார் சொல்வது, ஐயா? நீங்களா, நானா?"

துரையின் கழுத்து சிவந்துவிட்டது. கந்தையா கையிலிருந்த மருந்துத் தட்டைக் கீழே வைத்தார். "என்ரை கடவுளே, இவ்வளவு நாளும் எல்லாம் விளங்கினதோ உமக்கு?" என்றார். எல்லாம் விளங்கிற்று. நோயாளிக்குத் தமிழில் ஆறுதல், பக்கத்தில் நிற்பவருக்கு இங்கிலீஷில் உண்மை. ஆறுதல் மட்டும் தெரிந்த பாக்கியசாலிகள் அந்த வார்டில் நிறைய இருந்தார்கள். நான் ஏன் படித்தேன் என்று அன்று நினைத்தேன். மறுநாள், படித்ததே நல்லது என்று நினைத்தேன். இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

அதன் பிறகு துரை என்னிடம் நேராகவே பேசினார். கிருமியின் ஊற்றை அடைக்க மேல்வாயில் வலப்பக்கம் கெட்டிருந்த பற்களைப் பிடுங்க வேண்டும் என்றார். காலம் கடந்துவிட்டாலும் செய்து பார்க்கலாம் என்றார். கணவர் கையெழுத்துப் போட்டார், அக்காளிடம் சொல்லாமல். அவருக்கு அந்த வீரம் வருவதற்கு நான் சாக வேண்டியிருந்தது.

பல் போன சில நாட்களில், காலையில் கண் விழித்தபோது வார்டின் வலது பாதியைக் காணோம். கையை முகத்துக்கு முன் கொண்டுவந்து பார்த்தேன். இடது கண்ணை மூடினால் இருட்டு. வலி கொஞ்சமும் இல்லை. துரை விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இருதயக் கதவிலிருந்து பிய்ந்த துணுக்கு ஒன்று கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை அடைத்துவிட்டது என்றார். "பல் பிடுங்கியதால் இல்லை. பல்லை முன்பே பிடுங்காததால்," என்றார்.

பிடுங்கியது வலது மேல் பல். போனது வலது கண். இடது கண் போயிருந்தால் என் பக்கத்தில் பேச ஒரு வாதமாவது இருந்திருக்கும்.

அண்ணி கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தார். என் வாயைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். நான் எதிர்பார்த்தபடி அவர் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, "நான் சொன்னேனே, நான் சொன்னேனே," என்று மெதுவாக, தனக்குள் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே அழுதார். நான் துணுக்கையும் குழாயையும் பற்றிச் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார். "சரிம்மா. பேசாத. மூச்சு வாங்குது பாரு," என்றார்.

நான் வீடு திரும்புவதற்குள் செய்தி சந்து முழுவதும் பரவிவிட்டது. கோடி வீட்டுச் சிவகாமி கன்னம் வீங்கிப்போய் என்னைப் பார்க்க வந்தாள். "தயங்காம போய்ப் பிடுங்கிக்கோ," என்றேன். அவள் என் வலது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிக்கா," என்றாள். அவள் போகமாட்டாள்.

ருக்குவைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. நான் இல்லாத நாட்களில் அவளுக்கு முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்து போயிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. எனக்குத் தெரிந்தால் துன்பப்படுவேன் என்று சொல்லவும் இல்லை. வாயைத் திறந்து பார்த்தேன். மேல்வாயில் ஒரு பால்பல் கறுத்து, அதன்மேல் ஈறில் சீழ்க் கொப்புளம். அவளைத் துரையிடம் கூட்டிக்கொண்டுபோனேன். குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இருதயத்தில் லேசாக ஓர் இரைச்சல் இருக்கிறது என்றார். பிடுங்கும்போதும் கிருமி இரத்தத்தில் இறங்கும், அதிலும் அபாயம் உண்டு. விட்டுவைத்தால் தினமும் இறங்கும் என்றார். எது சரி என்று கேட்டேன். "என் மகளாக இருந்தால் பிடுங்குவேன்," என்றார். அவருக்கு மகள் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

கணவர் இந்த முறையும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்.

"எனக்குக் கொஞ்ச நாள்தானே இருக்கு," என்றேன். அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, வெள்ளிக்கிழமை ரிக்‌ஷாவுக்குச் சொல்லியிருக்கிறேன், அக்காளிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிடு என்றார்.

இதுவரை முன்பே எழுதியது; இனி வருவது பல் பிடுங்கிய பிறகு எழுதியது. வெள்ளிக்கிழமை காலையில் ருக்குவுக்குப் புதுப் பாவாடை கட்டி வாசலுக்குக் கூட்டிவந்தேன். அண்ணி செருப்புப் போட்டுக்கொண்டு நின்றார்.

"கோயிலுக்குப் போறவங்க எதுக்கு மிடில் ரோட்டுக்கு வண்டி பேசுறீங்க? வண்டிக்காரன் வந்து என்னைத்தான் வழி கேட்டான்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான், "அண்ணி, தடுக்காதீங்க," என்றேன்.

"தடுத்தா நிக்கிறவளா நீ? நானும் வரேன். இவ கண்ணு போச்சுன்னா பின்னால வச்சுக் காப்பாத்தப்போறது யாரு? நீயா?"

அப்படி ஒரு வார்த்தையை அதுவரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொன்ன பிறகு அண்ணியே வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவராவது உண்மையைத் தமிழில் சொன்னாரே என்றிருந்தது.

ஜப்பான்கார வைத்தியரின் அறை மிகவும் சுத்தமாக இருந்தது. ஆயுதங்கள் கொதிநீரில் கிடந்தன. ருக்கு நாற்காலியைப் பார்த்ததும் அலறினாள். "வேணாம், அம்மா மாதிரி ஆயிரும்! அம்மா மாதிரி ஆயிரும்!" அவளைப் பிடிக்க எனக்குப் பலமில்லை. கணவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கடைசியில் அண்ணிதான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, குழந்தையை மடியில் இறுக்கி, தன் உள்ளங்கையால் அவளுடைய வலது கண்ணை மூடிக்கொண்டார். கை வைத்து அழுத்தினால் கண் வெளியே வராது என்று நினைத்தார்போலும். தன் கண்களையும் இறுக மூடிக்கொண்டார். வைத்தியர் அந்தக் கையை விலக்கச் சொல்லாமல் பக்கவாட்டில் குனிந்து வேலையை முடித்தார். பல் பட்டாணி அளவுகூட இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காலைப் பொழுது இப்படித்தான் விடிகிறது. ருக்கு எழுந்ததும் அண்ணி அவளை வெளிச்சத்தில் நிறுத்தி, இடது கண்ணை மூடி, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்கிறார். அவள் சரியாகச் சொல்கிறாள். "இன்னிக்கித் தெரியுது. நாளைக்குப் பாப்போம்," என்கிறார் அண்ணி. அவருக்குத் திருப்தி வரவில்லை. அதே நேரத்தில் நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடு இல்லை. எனக்கும் திருப்தி வரவில்லை. பிடுங்கியது சரிதானா என்று தினமும் ஒரு முறையாவது நினைக்கிறேன்.

"ரெண்டு பேரும் என்னை விடுங்க!" என்று ருக்கு உதறிக்கொண்டு ஓடுகிறாள்.

நேற்று அண்ணியிடம் சொன்னேன். "கண்ணைப் பாருங்க அண்ணி, வேணாங்கல. பாக்கும்போது இன்னொரு கையை நெத்தியில வைங்க. சுட்டா அன்னிக்கே அந்த டாக்டர்கிட்ட கொண்டுபோங்க. கொயினா வேணாம், கஷாயம் வேணாம், கொஞ்ச நாள் பாப்போம்னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க."

"அதுக்கும் பல்லுக்கும் என்னடி சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்கட்டும், இல்லாம போகட்டும். நான் கேக்குறேன், செய்ங்க."

இன்று காலை அண்ணி ருக்குவை வெளிச்சத்தில் நிறுத்தினார். ஒரு கையால் இடது கண்ணை மூடினார். மற்றக் கையை அவள் நெற்றியில் வைத்தார். விரல் காட்டக் கை மிச்சமில்லை. சிறிது யோசித்துவிட்டு, என்னைப் பார்த்து, "நீ காட்டு," என்றார்.

நான் மூன்று விரலைக் காட்டினேன்.